டூல் ரூம் ரப்பர் வளையமும் 25 நிமிட அலாரமும்

கசிவை நிறுத்துவதுதான் அவருக்குத் தொழில். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டர். வயது 47. ஹைட்ராலிக் சிலிண்டரில் எண்ணெய் கசிந்தாலும், கம்ப்ரஸரில் காற்று இறங்கினாலும் முதல் போன் அவருக்குத்தான் வரும். டூல் ரூமில் அவருடைய மேஜைக்குக் கீழே ஒரு டிராயர். அது முழுக்க ஓ-ரிங்குகள். சட்டைப் பொத்தான் அளவிலிருந்து வளையல் அளவு வரை, மில்லிமீட்டர் வாரியாகப் பிரித்து, சின்னச் சின்ன டப்பாவில் போட்டு வைத்திருப்பார்.

சென்ற ஆண்டு ஒரு நாள், பி ஷிஃப்ட் முடியும் நேரத்தில், அந்த டிராயரிலிருந்து ஒரு ஓ-ரிங்கை எடுத்து பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

பெயர் வேண்டாம் என்பது அவருடைய நிபந்தனை. "மத்தபடி மழுப்பாம சொல்லுங்க, நாலு பேருக்கு உதவட்டும்" என்பது அவர் மனைவியின் நிபந்தனை. அவருக்கு 43 வயது. வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறார். கல்யாணமாகி 21 வருடம்.

அன்று இரவு நடந்தது இதுதான். போனில் எங்கோ பார்த்திருந்தார், ஆணுறுப்பின் அடியில் ரப்பர் வளையம் போட்டுக்கொண்டால் விறைப்பு நிற்கும் என்று. மனைவியிடம் சொல்லவில்லை. குளியலறையில் போட்டுக்கொண்டு வந்தார். வளையம் வேலை செய்தது. இரண்டு வருடமாக நடக்காதது அன்று நடந்தது. ஆனால், மதியம் இரண்டு மணியிலிருந்து இரவு பத்து மணி வரை நின்றே வேலை பார்த்த உடம்பு. கழற்றலாம் என்று நினைத்துக்கொண்டே கண்ணை மூடியவர் அப்படியே தூங்கிவிட்டார்.

சுமார் இரண்டு மணி நேரம் கழித்துச் சிறுநீர் கழிக்க எழுந்தார். விளக்கைப் போட்டதும் வயிறு கலங்கிவிட்டது. வீங்கி, கருநீலமாகி, தொட்டால் ஜில்லென்று இருந்தது. வளையம் சதைக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியவில்லை. அவரை அதிகம் பயமுறுத்தியது வேறொன்று. வலிக்கவே இல்லை.

"இன்னாங்க ஆச்சு? ஏன் பாத்ரூம்லயே நிக்கிறீங்க?" என்று மனைவி கதவைத் தட்டினார்.

"ஒண்ணும் இல்ல. நீ போய்ப் படு."

கொஞ்ச நேரம் கழித்து அவரே கதவைத் திறந்தார். மனைவி ஒரு கேள்வி கேட்கவில்லை. தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்து வந்தார். தடவிப் பார்த்தார்கள். நகரவில்லை. தையல் மெஷின் டிராயரில் கத்தரிக்கோல் இருந்தது. அவர் அதைக் கேட்டார், மனைவி தரவில்லை. அந்த ஒரு முடிவுக்காகவே அந்த அம்மாவுக்கு ஒரு சபாஷ் போடலாம். வீங்கிய சதைக்கும் வளையத்துக்கும் நடுவே வீட்டுக் கத்தரியோ பிளேடோ நுழைந்தால், வெட்டுப்படுவது எதுவென்று சொல்ல முடியாது. லுங்கியோடு பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டார் அவர். வண்டியை ஓட்டியது மனைவி.

மருத்துவமனை அவசரப் பிரிவில் இருந்தவர் இளம் டாக்டர். திரையை இழுத்துவிட்டு, வளையத்துக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்றை நுழைத்து, சிறு கத்தரியால் வெட்டி எடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு நிறம் திரும்புகிறதா, சிறுநீர் போகிறதா என்று விடியும் வரை உட்கார வைத்துப் பார்த்தார். "ரப்பரா இருந்ததால தப்பிச்சீங்க" என்றாராம். "பேரிங், நட்டு, பைப் துண்டுன்னு போட்டுக்கிட்டு வர்றாங்க. கட்டர் போதாம ஃபயர் சர்வீஸ் ஆளுங்களைக் கூப்பிட வேண்டி வரும்."

அது அவர் மிரட்டுவதற்காகச் சொன்ன கதை அல்ல. உலோக வளையம் சிக்கி, ரத்த ஓட்டம் நின்று, மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் இந்தியாவிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஏராளமான குறிப்புகள் உண்டு. விரலில் மாட்டிய மோதிரத்தை வெட்டும் கருவி மெல்லிய உலோகத்துக்குத்தான் சரிவரும். கெட்டியான இரும்பை அறுக்க மெஷின் வேண்டும். அறுக்கும்போது சூடு ஏறும், அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வெட்கப்பட்டு வீட்டிலேயே இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் சதை செத்துப்போகும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். கும்மிடிப்பூண்டி மாதிரியான ஊரில், கை நீட்டினால் வட்டமான இரும்புக்குக் குறைவே இல்லை.

சரி, 47 வயது மனிதர் ஏன் டூல் ரூம் டிராயரைத் திறக்கும் நிலைக்கு வந்தார்?

அவருக்கு ஐந்து வருடமாகச் சர்க்கரை. மாத்திரை இருக்கிறது. ஷிஃப்ட் மாறும்போது சாப்பாட்டு நேரமும் மாறும், மாத்திரையும் விட்டுப்போகும். சி ஷிஃப்ட் வாரத்தில் டீயும் போண்டாவும்தான் இரவுச் சாப்பாடு. இரண்டு வருடத்துக்கு முன்பு தாம்பத்தியத்தில் தடுமாற்றம் ஆரம்பித்தது. விறைப்பு வரும், இரண்டு மூன்று நிமிடத்தில் போய்விடும். முதலில் அசதி என்று நினைத்தார். பிறகு, தோற்றுவிடுவோம் என்ற பயத்திலேயே நெருங்குவதை நிறுத்தினார். வேண்டுமென்றே சி ஷிஃப்ட் கேட்டு வாங்கினார். பகலில் தூங்கினால் கேள்வி வராது அல்லவா?

மனைவியின் பக்கம் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. "நான் குண்டாயிட்டேன், அதான் பிடிக்கலன்னு நெனச்சேன். அப்புறம் வேற யாரோ இருக்காங்கன்னு நெனச்சேன். அவர் குளிக்கும்போது போனை எடுத்துப் பாத்திருக்கேன். எதுவும் இல்ல. இல்லன்னதும் இன்னும் கோவம்தான் வந்துச்சு." தையல் மெஷின் சத்தத்தில் அழுகை கேட்காது என்பதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னாலும், கேட்பவருக்குச் சிரிப்பு வரவில்லை.

இடையில் அவர் ஒரு லாட்ஜ் வைத்தியரையும் பார்த்துவிட்டு வந்திருந்தார். புறநகர் ரயிலில் ஏறுபவர்களுக்கு அந்த நோட்டீஸ்கள் தெரியும். கதவுக்குப் பக்கத்தில், மின்விசிறிக்குக் கீழே, 'நரம்புத் தளர்ச்சியா?' என்று ஒட்டியிருக்கும். நாடி பார்த்து, சின்ன வயதுப் பழக்கத்தால் வந்த வினை என்று சொல்லி, ஒரு மண்டலத்துக்கு லேகியமும் பொடியும் கொடுத்து, அரை மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டார்கள். சர்க்கரை இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. இப்படி ஆண்மை சக்தியைக் கூட்டுவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் சட்டம் 1954-லேயே தடை செய்துவிட்டது. எழுபது வருடம் கழித்தும் ரயில் பெட்டியில் பசை காயவில்லை. அந்தப் பொடிகளில் என்ன கலந்திருக்கிறது என்பது வாங்குபவருக்கும் தெரியாது, பின்னால் மயங்கி விழுந்தால் பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது.

மருத்துவமனைச் சம்பவத்துக்குப் பிறகு, அந்த இளம் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு இருவரும் யூராலஜி டாக்டரைப் பார்க்கப் போனார்கள். அவர் முதலில் கேட்டது, "ஆரம்பிக்கவே மாட்டேங்குதா, இல்ல ஆரம்பிச்சு நிக்க மாட்டேங்குதா?" அடுத்து, "காலையில எழுந்திரிக்கும்போது விறைப்பு இருக்கா?" இரண்டு வருடத்தில் இந்த இரண்டு கேள்விகளை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

இதில்தான் விஷயமே இருக்கிறது. விறைப்பு என்பது தசை வேலை அல்ல, ரத்தத்தின் வேலை. ஆசை வந்ததும் மூளையிலிருந்து நரம்பு வழியாகச் செய்தி போகிறது. ரத்தக் குழாய்ச் சுவரில் நைட்ரிக் ஆக்ஸைடு சுரந்து குழாய் விரிகிறது. ஆணுறுப்புக்குள் பஞ்சு போல இருக்கும் இரண்டு அறைகளில் ரத்தம் நிரம்புகிறது. நிரம்பி உப்பும்போது, ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரைகள் ஓரத்தில் நசுங்கி அடைபடுகின்றன. உள்ளே வந்தது உள்ளேயே நிற்கிறது. பொன்னேரிப் பக்கத்து நெல் வயல் போல நினைத்துக்கொள்ளலாம். மடை திறந்து தண்ணீர் பாய்ச்சியாயிற்று. ஆனால், வரப்பில் நண்டு வளை இருந்தால்? காலையில் போய்ப் பார்த்தால் வயல் காய்ந்து கிடக்கும். தண்ணீர் வராதது ஒரு பிரச்னை, வந்த தண்ணீர் நிற்காதது இன்னொரு பிரச்னை. இவருக்கு இரண்டாவது.

வளையம் செய்வது அந்த நண்டு வளையை அடைக்கும் வேலை. அடிப்பகுதியில் மெல்ல இறுக்கி, ரத்தம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது. அவ்வளவுதான். ஆசையைக் கூட்டாது, அளவைக் கூட்டாது, விந்து முந்துதலுக்கு மருந்தும் ஆகாது. விறைப்பே வராதவருக்கு வளையம் மட்டும் போதாது. அவர்களுக்கு வெற்றிடக் கருவி உண்டு. ஒரு குழாய், ஒரு பம்ப். காற்றை உறிஞ்சினால் ரத்தம் உள்ளே வரும், வந்த பிறகு அடியில் வளையத்தை ஏற்றிவிட வேண்டும்.

அந்தக் கருவியைப் பிரபலமாக்கியவர் டாக்டர் இல்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டயர் தொழில் செய்துவந்த கெடிங்ஸ் ஆஸ்பன் என்பவர். 1960-களில் தனக்கே இந்தக் குறை வந்தபோது, டயருக்குக் காற்றடிக்கத் தெரிந்த கையாலேயே, காற்றை வெளியே உறிஞ்சும் பம்ப் ஒன்றைச் செய்துகொண்டார். அதை விற்பதற்கு அமெரிக்க அரசின் அனுமதி 1982-ல் கிடைத்தது. சில்டெனஃபில் மாத்திரை சந்தைக்கு வந்தது 1998-ல். அதற்கு 16 வருடம் முந்தைய ஏற்பாடு இது. சிப்காட் ஃபிட்டருக்கு இந்தக் கதையைக் கேட்டதும் முகத்தில் ஒரு சின்னப் பெருமை. "நம்மள மாதிரி ஆளுதான் போல."

ஆனால், ஆஸ்பனின் வளையத்துக்கும் இவருடைய ஓ-ரிங்குக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. சிலிண்டருக்கான ஓ-ரிங் எண்ணெயையும் அழுத்தத்தையும் தாங்கச் செய்யப்பட்டது. பிடித்து இழுக்க அதில் காது கிடையாது. மருத்துவத்துக்கென்று வரும் வளையம் சிலிகான் அல்லது மென்மையான ரப்பர். இரண்டு பக்கமும் விரல் நுழையும் காது இருக்கும், அல்லது சட்டென்று கழற்றும்படி பட்டையாக இருக்கும். பல அளவுகள் ஒரே பெட்டியில் வரும். பெரிய அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும், போதவில்லை என்றால் அடுத்த சின்ன அளவு. 'ஒரு சைஸ் எல்லோருக்கும்' என்று ஆன்லைனில் விற்கும் உலோக வளையங்களைப் பார்த்தால், படம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், விரலைத் தள்ளிக்கொண்டு போய்விடலாம்.

நேரக் கணக்குதான் எல்லாவற்றிலும் முக்கியம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2004-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வளையம் அதிகபட்சம் 30 நிமிடம். அதற்கு மேல் ஒரு நிமிடமும் வேண்டாம். கழற்றிய பிறகு மறுபடி போட 60 நிமிடம் இடைவெளி. போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது. குடித்திருந்தால் போடவே கூடாது, ஏனென்றால் குடித்தவர் தூங்கிவிடுவார், வலியும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் டாஸ்மாக் போய்வரும் பழக்கம் உள்ளவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிப்பது நல்லது.

டாக்டர் அவருடைய காலைத்தான் அடுத்துப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பாதத்தில் மெல்லிய நைலான் இழையால் அங்கங்கே தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பாதி இடத்தில் அவருக்குத் தெரியவில்லை. அன்று இரவு ஏன் வலிக்கவில்லை என்பதற்குப் பதில் அங்கே கிடைத்தது. சர்க்கரை நரம்பைத் தின்றிருந்தது. இதனால்தான், 'வலித்தால் கழற்றிவிடலாம்' என்ற கணக்கு சர்க்கரை நோயாளிக்கு உதவாது. வலி அவரை எழுப்பாது. கடிகாரம்தான் எழுப்ப வேண்டும். கூடவே, பக்கத்தில் இருப்பவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், ரத்தக் கசிவு நோய் உள்ளவர்கள், சிக்கிள் செல் ரத்தசோகை இருப்பவர்கள், உறுப்பு ஒரு பக்கமாக வளையும் பிரச்னை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் வளையத்தைத் தொடவே கூடாது. மாத்திரைக்கும் இதே போல எச்சரிக்கை உண்டு. நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் வகை மருந்து எடுப்பவர், நண்பர் கொடுத்தார் என்று சில்டெனஃபில் போட்டால் ரத்த அழுத்தம் அபாயகரமாக விழுந்துவிடும். மெடிக்கலில் சீட்டு இல்லாமல் கேட்டு வாங்கும் பொருள் இல்லை அது.

ரத்தப் பரிசோதனை வந்தது. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.4. கொழுப்பும் அதிகம். டாக்டர் உடனே இ.சி.ஜி எழுதியபோது, "நான் வந்தது கீழ இருக்கிற பிரச்னைக்கு, சார்" என்றார் இவர். அதற்குக் கிடைத்த விளக்கம் ஒவ்வொரு நாற்பது வயதுக்காரரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக் குழாயின் விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத்துக்கான குழாய் 3 முதல் 4 மில்லிமீட்டர். கொழுப்பு படிய ஆரம்பித்தால் சின்னக் குழாய்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். நெஞ்சு வலி வருவதற்கு இரண்டு, மூன்று வருடம் முன்பே விறைப்பில் சிக்கல் வருவது பலருக்கு நடக்கிறது. பைப்லைன் வேலை தெரிந்தவருக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. அரை இன்ச் பைப்தான் முதலில் அடைக்கும்.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் சொன்னது. சர்க்கரை உள்ள ஆண்களுக்கு விறைப்புக் குறைபாடு மற்றவர்களைவிட 10 முதல் 15 வருடம் முன்னதாகவே வரக்கூடும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவந்து கொடுப்பவர்கள் பெரும்பாலும் பெண் தன்னார்வலர்கள். 'பாதம் மரத்துப்போகுதா?' என்று அவர்கள் கேட்டால் சொல்லிவிடலாம். இதை அந்த அக்காவிடம் எப்படிச் சொல்வது? ஒரு மருத்துவச் சீட்டில் 'தாம்பத்தியத்தில் சிரமம் உண்டா' என்று ஒரு கட்டம் அச்சடித்து, டிக் செய்யச் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும். வாயால் சொல்லாததை பேனாவால் சொல்லுவார்கள்.

எங்கே போவது என்ற குழப்பம் இந்தப் பக்கத்தில் உண்டு. மாவட்டத் தலைநகரம் திருவள்ளூர். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் வந்துவிட்டது. ஆனால், கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயிலில் திருவள்ளூர் போவதென்றால் சென்னைக்கு வந்து வேறு லைன் மாற வேண்டும். அதற்கு சென்ட்ரலிலேயே இறங்கிவிட்டால் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, யூராலஜி பிரிவு இருக்கிறது. செலவு ரயில் டிக்கெட்டும் ஒரு நாள் லீவும்.

மாத்திரை, சாப்பாடு, நடைப்பயிற்சி என்று டாக்டர் எழுதிக் கொடுத்தவற்றோடு ஒரு பயிற்சியும் சொன்னார். சிறுநீரை நடுவில் அடக்குவதற்கு உபயோகிக்கும் தசையை இறுக்கி, சில நொடி பிடித்து, விட வேண்டும். பிரிட்டனில் 55 ஆண்களிடம் செய்து 2005-ல் வெளிவந்த ஆய்வில், ஆறு மாதப் பயிற்சிக்குப் பிறகு 40 சதவிகிதம் பேருக்கு விறைப்பு பழைய நிலைக்குத் திரும்பியது. காசு செலவில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. இவர் கேட்டில் பஞ்ச் வைக்கும் வரிசையில் நின்றபடி செய்கிறார். "என்னாண்ண, ஏதோ யோசனைல நிக்கிற?" என்று பின்னால் நிற்கும் பையன் கேட்பானாம்.

சர்க்கரை ஓரளவு இறங்கி, பாதத்தைப் பற்றியும் புரிந்துகொண்ட பிறகுதான், கேட்டுக்கேட்டு, வளையத்துக்கு டாக்டர் சம்மதம் சொன்னார். அதுவும் நிபந்தனையோடு. காதுள்ள சிலிகான் வளையம் மட்டும். 30 நிமிடம் கூட வேண்டாம், 25. முதல் சில தடவை தனியாக, ஐந்தே நிமிடம், போட்டுக் கழற்றிப் பழக வேண்டும். அடியில் ரோமத்தைக் கத்தரித்துவிட வேண்டும், இல்லையென்றால் சிக்கி இழுக்கும். தண்ணீரில் கரையும் ஜெல் தடவிக்கொள்ள வேண்டும். நிறம் மாறினாலோ, ரொம்பவும் ஜில்லிட்டாலோ, மரத்தாலோ நேரத்தைப் பார்க்காமல் கழற்ற வேண்டும். கழற்ற வரவில்லை என்றால் ஜெல்லும் ஈரத்துணியில் குளிர்ச்சியும் ஒரே ஒரு முறை முயன்று பார்க்கலாம். நகரவில்லை என்றால் உடனே மருத்துவமனை. கிளம்ப வண்டி இல்லாவிட்டால் 108. கடைசியாக மனைவியைப் பார்த்து, "அவரை நம்பாதீங்க. நேரத்தை நீங்க பாருங்க" என்றார்.

கணவனும் மனைவியும் தெரிந்துகொள்ள வேண்டிய சில உண்மைகளை வளையம் விற்பவர்கள் சொல்வதில்லை. வளையம் போட்டிருக்கும்போது உறுப்பின் தோல் சற்றுக் குளிர்ந்திருக்கும். பிடிமானம் அடியில் கொஞ்சம் ஆடும், எனவே நிதானம் தேவை. உச்சத்தில் விந்து வெளியே வருவது தடைபடலாம், இறுக்கமாக உணரலாம். குழந்தைக்குத் திட்டமிடும் தம்பதிகள் இதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அதற்காக இதைக் கருத்தடை என்று நினைத்துவிடவும் கூடாது. நோய்த் தொற்றையும் தடுக்காது.

இது ஏதோ நம் ஊருக்கு ஒவ்வாத பொருள் என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 2007-ல், நிரோத் தயாரித்த மத்திய அரசின் ஹிந்துஸ்தான் லேட்டக்ஸ் நிறுவனமே, ஆணுறையோடு அதிரும் வளையம் ஒன்றையும் பெட்டியில் வைத்து 'க்ரெசெண்டோ' என்ற பெயரில் விற்றது. அது இன்பத்துக்கான வளையம், இங்கே பேசுவது போல இறுக்கும் வளையம் அல்ல. மத்தியப் பிரதேசத்தில் ஓர் அமைச்சர், அரசு நிறுவனம் பாலியல் பொம்மை விற்பதா என்று கொதித்தார். ஆணுறை உபயோகத்தைக் கூட்டத்தான் என்று நிறுவனம் சொன்னது. பெரிய விவாதமாகி அடங்கியது. அந்த விவாதத்தில் எப்படி உபயோகிப்பது, யார் உபயோகிக்கக் கூடாது என்று பேசிய குரல்கள்தான் குறைவு. நம் ஊரில் வழக்கமாக நடப்பதுதான். பொருள் கடைக்கு வந்துவிடும், விவரம் மட்டும் வராது.

இவர்கள் வீட்டில் முதல் முயற்சி தோல்வி. வளையம் பெரிதாக இருந்தது, வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. முன்பென்றால் அவர் எழுந்து வெளியே போய்ப் பீடி பற்றவைத்திருப்பார். அன்று மனைவி சிரித்துவிட்டார். "ஐயோ, உங்களைப் பாத்து இல்லங்க, இதைப் பாத்து" என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். ஒரு நொடி முறைத்தவர், பிறகு அவரும் சிரித்தார். அடுத்த வாரம் ஒரு அளவு சின்னது.

"அது முக்கியம் இல்லன்னு சொல்ல மாட்டேன், முக்கியம்தான்" என்கிறார் மனைவி. "ஆனா, ரெண்டு வருசம் அவரு செவுத்தப் பாத்துப் படுத்தாரு பாருங்க. இப்ப இந்தப் பக்கம் திரும்பிப் படுக்கறாரு. வளையம் எல்லா வாட்டியும் போடறதில்ல. சில நாளு சும்மா பேசிக்கிட்டே இருப்போம். அன்னிக்கு டாக்டர் முன்னாடி எல்லாத்தையும் சொல்லிட்டாரு இல்ல, அதுக்கப்புறம் மறைக்க எதுவும் இல்ல."

இப்போது ஹெச்பிஏ1சி 7.6. இன்னும் இறங்க வேண்டும் என்கிறார் டாக்டர். தொடர்ந்து சி ஷிஃப்ட் கேட்பதை விட்டுவிட்டார். வளையம் இருப்பது பீரோவில், ஒரு பழைய மூக்குக் கண்ணாடி டப்பாவில். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, விரிசல் விட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் வைப்பார். ஓ-ரிங் பார்த்துப் பழகிய கண்.

நேரம் பார்ப்பது மனைவியின் பொறுப்பு. போனில் 25 நிமிடத்துக்கு அலாரம். சத்தத்தைக் குறைத்து வைத்தாலும் அது சின்ன வீடு. ஹாலில் படுத்திருக்கும் மாமியாருக்கு 74 வயது, காது மட்டும் கூர்மை. ஒரு நாள் காலையில் கேட்டேவிட்டார்.

"ராத்திரி பத்தரை மணிக்கு இன்னாத்துக்குடா அலாரம் அடிக்குது?"

"மோட்டார் போட்டிருந்தேம்மா. ஆஃப் பண்ணணும்ல, அதுக்கு" என்றார் மகன், காபி டம்ளரிலிருந்து முகத்தை எடுக்காமல்.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். வாசலில் வரிசையாக வைத்திருந்த பிளாஸ்டிக் குடங்களைப் பார்த்தார்.

"நம்ம வீட்டுல ஏதுடா மோட்டாரு?"